பூஞ்சணம் சாகல்ல

ஏழு செக்கன் வொய்ஸ்தான் அது. "கனகசபாபதி அண்ணன், நீங்க தந்த மருந்தப் போட்டுப் பார்த்திட்டன். பூஞ்சணம் சாகல்ல." அவ்வளவுதான். ஒரு கையில் ஃபோன், மறுகையில் கறிச்சட்டி மூடி, நின்ற நிலையிலேயே மர்ஷூதா டீச்சர் சொல்லி அனுப்பிவிட்டாள். அனுப்பிய கையோடு மறந்தும் போனாள்.

சொன்னது பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. மஃரிப் பாங்கு கேட்க முன்னமே அவளுடைய சொந்தச் சாச்சி அந்த வொய்ஸை அவளுக்கே அனுப்பியிருந்தார். கூடவே ஒரு செய்தி: "கேட்டியா மகள், அஸீம் கள்ள மருந்து விக்கிறானாம். ஆரோ ஒரு டீச்சர் புடிச்சிரிக்காவாம்." தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தான் மட்டும்தான் கெடும். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்தனுடைய பேர்.

நடந்தது இதுதான். மாவடிப்பள்ளிப் பக்கம் மர்ஷூதாவின் சீதன வயலுக்கு அடுத்த வயல் கனகசபாபதியுடையது. அவருடைய ஊர் சொறிக்கல்முனை. பொய் பேசாத மனிசன், ஆனால் பொறுமையும் இல்லாத மனிசன். அவருடைய நெல்லில் எரிபந்தம் விழுந்துவிட்டது. முதலில் இலையில் கண் கண்ணாகப் புள்ளி போடும். விட்டால் கதிர் வரும் நேரம் கழுத்தைக் கருக்கி முறித்துவிடும். கல்முனையில் அஸீம் கடையில் பவுடர் மருந்து வாங்கி அடித்தார். புள்ளி குறையவில்லை. மிச்சப் பைக்கற்றைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தார். "இது மருந்தா, கோதம்பமாவா எண்டு ஒருக்காப் பாருங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் கல்முனையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். சும்மா இருக்கச் சொன்னால்தான் அவளுக்குக் காய்ச்சல் வரும். நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசியை உருளைக்கிழங்குச் சாற்றில் காய்ச்சி, பள்ளிக்கூட ஆய்வுகூடத்தின் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினாள். நோய் பிடித்த இலையிலிருந்து பூஞ்சணத்தை எடுத்து அதில் வளர்த்தாள். பாதித் தட்டுகளில் மருந்து கலந்தாள், பாதியில் கலக்கவில்லை. ஒரு கிழமை கழித்து அளந்தாள். இரண்டிலும் பூஞ்சணம் ஒரே அளவு. மருந்தைத் தின்றுகொண்டே வளர்ந்திருந்தது ஹறாங்குட்டி. உடனே வொய்ஸ் போட்டாள். பொறுமை இல்லாத கனகசபாபதி கேட்ட கையோடு அஸீமின் பேரைச் சேர்த்து வயல்காரர்களுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த கிழமை அஸீமின் கடைக்கு ஒரு வயல்காரனும் வரவில்லை. எல்லாரும் பக்கத்துக் கடைகளுக்குப் போனார்கள். யாரோ ஒருவன் எரிபந்தம் பிடித்த நெற்கட்டு ஒன்றை அஸீமின் ஷட்டரில் கட்டித் தொங்கவிட்டுப் போயிருந்தான். கனகசபாபதி மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினார். கடைக்குக் கொடுத்த அனுமதியை இரத்துச் செய்ய வேண்டும் என்று இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அது டீச்சருக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு வாய்க்கால் கட்டுக் கொட்டிலில் கூட்டம் என்று வட்டவிதானை அபுல் ஹஸன் அறிவித்துவிட்டார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் அவர். அவர் கூப்பிட்டால் யாரும் வராமல் இருக்க மாட்டார்கள்.

அஸீம் வேறு ஆளாக இருந்திருந்தால் மர்ஷூதா அந்தக் கையெழுத்தை வீட்டு வாசலிலேயே போட்டுக் கொடுத்திருப்பாள். சனியன், அவன் வேறு ஆள் இல்லை. பதினொரு வருசத்துக்கு முன்னம் அவனுக்குத்தான் அவளைப் பேசினார்கள். அவனுடைய உம்மா பாத்தும்மா பெண் பார்க்க வந்து, இருந்து, கடல்பாசி தின்று, எழும்பிப் போகும்போது படலையடியில் வைத்து மூத்தம்மாவிடம் ஒரு சொல் சொன்னார். "புள்ள படிச்ச புள்ள, குணமான புள்ள. ஆனா கொஞ்சம் கறுப்பு." சம்பந்தம் படலையோடு முடிந்தது. மர்ஷூதா அதற்குப் பிறகு நளீமைக் கட்டினாள். நளீம் அரிசி ஆலையில் மெஷின் பார்க்கிறவன், அவளைக் கண்டால் சிரிக்கிறவன். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த "கொஞ்சம்" இருக்கிறதே, அது நகக்கண்ணில் ஏறிய சிலாம்பு மாதிரி இடைக்கிடை நோகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பாத்தும்மா அதே படலையைத் திறந்துகொண்டு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மகள், அவன் மூணு நாளாச் சோறு தின்னல்ல. கடையத் துறக்கிறான், பூட்டுறான். ஒண்டு கேக்கன், நெஞ்சில கைய வெச்சிச் செல்லு. அண்டைக்கி நான் சொன்னதுக்கா இது?"

"அல்லாஹ்வே! இல்ல மாமி. தட்டுல கண்டதத்தான் நான் சொன்ன."

"தட்டுல கண்டியா, இல்லாட்டி காணணும் எண்டு பார்த்தியா?"

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். மர்ஷூதா குசினிக்கும் முன் கதவுக்குமாக நடந்தாள். வைத்த உலையில் அரிசி போட மறந்தாள். போட்ட உடுப்பை மறுபடியும் தோய்த்தாள். இரவு நளீம் சொன்னான்: "இந்தா பாரு, நீ நடக்கிற நடைக்கி இந்நேரம் அக்கரைப்பற்று போய்ச் சேர்ந்திரிப்பாய்."

"மச்சான், எனக்கு அவன்மேல கோவம் இரிக்கா?"

"இரிக்கும். எனக்கும் இரிக்கி. அவன் வேணாமெண்டதாலதான் நான் உன்னிட்ட மாட்டின."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நித்திரை மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை வெள்ளணவே பள்ளிக்கூடம் போய் ஆய்வுகூடத்தைத் திறந்தாள். கழுவ முன்னம் பூஞ்சணம் சாகட்டும் என்று தட்டுகளை யன்னல் வெயிலில் வைத்திருந்தாள். அவற்றை எடுத்து மேசையில் அடுக்கினாள். அடிமட்டத்தை எடுத்துத் திரும்பவும் அளந்தாள். அளவில் பிழை இல்லை. அடிமட்டத்தை வைத்துவிட்டுச் சும்மா பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. மருந்து போடாத தட்டில் பூஞ்சணம் சட்டியடிபோலக் கறுத்திருந்தது. மருந்து போட்டதில் கறுப்பே இல்லை. வெளிறிய செங்கல் நிறம். கொப்பியைப் புரட்டினாள். முதல் தடவை அளந்த நாளே அவளுடைய கையெழுத்தில் "நிறம் மாற்றம்" என்று எழுதியிருந்தது. எழுதியிருக்கிறாள், யோசிக்கவில்லை. "செத்ததா, சாகல்லியா" என்று பார்த்த கண்ணுக்கு நிறம் ஒரு விசயமாகத் தெரியவில்லை.

மூன்றாம் பாடம் தோல். ஒவ்வொரு வருசமும் படிப்பிக்கிற பாடம். "நம்முடைய தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். வெயிலின் கேட்டை அது உள்ளே போகவிடாமல் மறிக்கும்" என்று கரும்பலகையில் எழுதினாள். எழுதிய கையைப் பார்த்தாள். சோக் தூள் படிந்த கறுத்த கை. சோக்கை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தட்டில் இருந்த கறுப்பும் இதே மெலனின்தானே! அது சும்மா நிறமா? அதை எடுத்துவிட்டால் பூஞ்சணத்துக்கு என்ன மிஞ்சும்?

அன்றைக்குப் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பழைய புத்தகங்களைப் புரட்டினாள், ஃபோனில் தேடி வாசித்தாள், வாசித்ததைக் கண்ணால் காணாமல் நம்பமாட்டேன் என்று வெங்காயம் வாங்கப் போனாள். வெங்காயத் தோலை உரித்துக் கண்ணாடித் துண்டுகளில் வைத்தாள். கறுத்த தட்டிலிருந்து பூஞ்சண வித்துகளை எடுத்து, ஒரு தோலில் தண்ணீரோடும் மற்றதில் மருந்துத் தண்ணீரோடும் சொட்டுவிட்டாள். வெயிலில் கிடந்த இரண்டு வகைத் தட்டுகளிலிருந்தும் ஒவ்வொரு கிள்ளு எடுத்துப் புதுக் கடல்பாசியில் ஊன்றினாள்.

புதன்கிழமை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். தண்ணீர்த் தோலில் வித்துகள் முளைத்து, நுனியில் உருண்டை உருண்டையாகக் கறுத்த குமிழ் கட்டியிருந்தன. ஒவ்வொரு குமிழும் தோலைத் துளைத்து உள்ளே நூல் விட்டிருந்தது. மருந்துத் தோலிலும் முளைத்திருந்தன, குமிழும் கட்டியிருந்தன. சாகவில்லை. ஆனால் குமிழில் கறுப்பு இல்லை. கண்ணாடிபோல வெறுமையாகத் தோலின்மேல் குந்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

வியாழக்கிழமை புதுத் தட்டுகளைத் திறந்தாள். வெயிலில் கிடந்த கறுத்த பூஞ்சணம் திரும்ப முளைத்திருந்தது. வெளிறியது முளைக்கவே இல்லை. வெயிலைத் தாங்கவும் இலையைத் துளைக்கவும் அதற்கு அந்தக் கறுப்பு வேண்டும். மருந்து செய்வது ஒரே வேலை, கறுப்பைக் கட்டவிடாமல் தடுக்கிறது. கொல்லுகிற மருந்தே இல்லை அது. கொல்லாத மருந்தைப் பார்த்து, கொல்லவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"யா அல்லாஹ், என்ன வேல பார்த்து வெச்சிரிக்கன்" என்று தலையில் கையை வைத்தாள். சந்தோசப்படவும் ஏலாது, அழவும் ஏலாது. அப்போதே புது வொய்ஸ் ஒன்று போட்டாள். நாலு நிமிசம். முழுவதையும் விளக்கமாகச் சொன்னாள். நளீம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "நல்லா இரிக்கி. ஆனா ஒருத்தனும் கேக்கமாட்டான்." அவன் சொன்னது சரி. பழைய ஏழு செக்கன் அன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இந்த நாலு நிமிசத்தை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை.

வெள்ளிக்கிழமை கொட்டில் நிறைந்திருந்தது. தொப்பி கழற்றாமல் வந்தவர்கள் ஒரு பக்கம், திருநீறோடு வந்தவர்கள் ஒரு பக்கம். அஸீம் உள்ளே வரவில்லை. வெளியே மோட்டர்சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். தாடி வளர்ந்து முகம் வற்றிப் போயிருந்தது. கனகசபாபதி பெட்டிசத்தை நீட்டி, பேனையையும் திறந்து கொடுத்தார்.

"அண்ணன், நான் கையெழுத்துப் போடமாட்டன். நான் சொன்னது பிழை."

கொட்டில் கசமுசவென்றது. அபுல் ஹஸன் கையை உயர்த்தினார். "அப்ப பூஞ்சணம் செத்துதா டீச்சர்?"

"இல்ல அபுல் ஹஸன் காக்கா, சாகல்ல."

"அப்பச் சொன்னது சரிதானே? என்ன புள்ள கதைக்கிறாய்!"

மர்ஷூதா கொட்டிலுக்கு வெளியே நின்ற மோட்டர்சைக்கிளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "உங்கட சைக்கிள்ள டியூப் மட்டும் போட்டுக் காத்தடிச்சா என்ன நடக்கும்?"

"வெடிச்சுப் போகும்."

"டயர் இரிந்தாத்தான் காத்து ஏறும், என்ன? இந்தப் பூஞ்சணம் இலைக்கி மேல வந்து ஒரு குமிழ் கட்டுது. அந்தக் குமிழுக்க அமுக்கம் ஏத்தி, அந்த அமுக்கத்தாலதான் இலையக் குத்தித் துளைக்குது. அந்தக் குமிழுக்கு டயர், கறுப்பு. இந்த மருந்து டயரக் கழட்டுது. பூஞ்சணம் சாகாது, உள்ளுக்குப் போகவும் ஏலாது. ஆனா நோய் உள்ளுக்குப் போக முந்தி அடிக்கணும். கண் விழுந்தாப் பொறகு அடிச்சி என்ன புண்ணியம்?"

கனகசபாபதி பேனையை மூடினார். "அஸீமும் முந்தி அடிக்கத்தான் சொன்னவன்" என்று மெதுவாகச் சொன்னார். "நான் கண் விழுந்தாப் பொறகுதான் அடிச்ச."

அதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: "போன கிழம ஒரு கதை, இந்தக் கிழம ஒரு கதை. அஸீம் மாப்புள வந்து கண்ணக் கசக்கினாராக்கும்? பழைய சம்பந்தமெல்லே!" கொட்டில் சிரித்தது. நளீம் எழும்பினான். மர்ஷூதா அவன் கையைப் பிடித்து இருத்தினாள். முகம் கொதித்தது.

"என்ட கதைய நம்பாதீங்க. என்ட வயல நம்புவீங்கதானே? இப்ப குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளிய வரல்ல. பக்கத்துப் பக்கத்தில ரெண்டு வரவை, ரெண்டு துண்டு வயல் தாறன். ஒண்டுக்கு அஸீம்ட இந்த மருந்து அடிங்க. மத்ததுக்கு ஒண்டுமே அடிக்கவேணாம். கதிர் வந்தாப் பொறகு பார்த்திட்டு, மறுகா பெட்டிசத்த அனுப்புங்க."

அபுல் ஹஸன் தாடியைத் தடவினார். "உங்களுக்கு அந்த வரவை போயிரும், தெரியுமா?"

"தெரியும்."

அன்றைக்கே அடித்தார்கள். கடையிலிருந்து பைக்கற்றை எடுத்தவர் அபுல் ஹஸன், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து அடித்தவர் கனகசபாபதி. ஏமாற்றுக்கு வழியே விடவில்லை. அஸீம் வரம்பில் நின்று பார்த்தான். எல்லாரும் போன பிறகு மர்ஷூதாவிடம் வந்தான்.

"டீச்சர், நீங்க பொய் சொல்லியிரிந்தா நான் பள்ளியில நிண்டு சத்தியம் பண்ணியிரிப்பன். நீங்க உண்மையச் சொல்லியெல்லோ என்னக் கவுத்தீங்க. அதுக்கு நான் என்னத்தச் செய்யிற?"

அவள் குனிந்து, வரம்பில் கிடந்த வெறும் மருந்துப் பைக்கற்றைப் பொறுக்கி எடுத்தாள். 

பிறகு வந்த நாட்கள்தான் நாட்கள்! எரிபந்தம் பனிக்கும் மழைப் புகாருக்கும் வருகிற நோய். கூட்டம் முடிந்த மறுநாளே வானம் வெளித்து, பங்குனி வெயில் தை மாதத்தில் அடித்தது. இரண்டு வரவையும் ஒரே பச்சை. பள்ளிக்கூடம் போக முன்னம் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தாள், பள்ளிக்கூடம் விட்டும் போய்ப் பார்த்தாள். "என்ன டீச்சர், மருந்தடிக்காத வரவைதான் திறமா நிக்கிது!" என்று வரம்பால் போனவர்கள் பகிடி பண்ணினார்கள். நோய் வராவிட்டால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று எவனுக்குத் தெரியும்? பெட்டிசம் போய்விடும். அஸீம் ஷட்டரை இறக்கிவிடுவான், இனித் திறக்கமாட்டான்.

ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு இரு கையையும் ஏந்தினாள். "யா அல்லாஹ், என்ட வயலுக்கு நோயத் தா" என்று வாய்வரை வந்துவிட்டது. சட்டென்று கையை இறக்கினாள். ரிஸ்க்கை, உண்ண உணவைக் கேட்கிற கையால் அழிவைக் கேட்கலாமா? திரும்பவும் ஏந்தினாள். திரும்பவும் இறக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த நளீம் சொன்னான்: "ஊரில எல்லாரும் நோய் வேணாமெண்டு கேக்காங்க. ஒரு ஆள் வேணுமெண்டு கேட்டா அல்லாஹ்வுக்கும் புதினமாத்தான் இரிக்கும். கேளு புள்ள, ரெண்டு வரவைக்கி மட்டும் எண்டு விளக்கமாக் கேளு. நாலு நிமிசம் கேளு."

கேட்டாளோ இல்லையோ, அது அவளுக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும். மூன்றாம் நாள் கடற்பக்கமிருந்து புகார் ஏறி வானத்தை மூடியது. நாலு நாள் சிணுங்கல் மழை. வெயிலே இல்லை, விடியலில் இலை முழுக்கப் பனி. அந்தப் பனிக்குள்தான் இரண்டு வரவையிலும் கதிர் வெளியே தலை நீட்டியது.

மாசி மாதம் அபுல் ஹஸன் எல்லாரையும் வரம்பில் வரிசையாக நிறுத்தினார். பேச ஒன்றும் இருக்கவில்லை. வலது கை வரவையில் கதிர் பாரம் தாங்காமல் மடிந்து பழுத்திருந்தது. இடது கை வரவையில் கதிர்கள் நிமிர்ந்து வெள்ளையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கறுத்த முடிச்சு. உள்ளே ஒன்றும் இல்லாதபடியால்தான் நிமிர்ந்து நின்றன. நடுவில் ஒரு முழ வரம்பு மட்டும்தான். கனகசபாபதி சட்டைப் பையிலிருந்து பெட்டிசத்தை எடுத்து, நாலாகக் கிழித்து, வரம்பை வெட்டிவிட்ட வக்கடைத் தண்ணீரில் விட்டார். "இருபத்தாறு பேரும் அஸீமிட்ட மன்னிப்புக் கேக்கணும். முதல் ஆள் நான்" என்றார். பின்வரிசையில் சிரித்தவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகும் ஒரு ஆள் போகவில்லை. பாத்தும்மா செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வெள்ளைக் கதிர்களுக்குள் இறங்கினார். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். எல்லாம் பறந்தது. ஒரு மணிகூட மிஞ்சவில்லை.

"இத்தினையும் சப்பியா மகள்?"

"சப்பிதான் மாமி."

"என்ட மகனுக்காகவா விட்டாய்?"

"இல்ல. என்ட சொல்லுக்காக."

பாத்தும்மா உள்ளங்கையைத் தட்டிவிட்டார். "உன்னப் பார்க்க வந்த நேரம் நானும் ஒரு சொல்லுச் சொன்ன" என்றார்.

"ஓம் மாமி. கொஞ்சம் கறுப்பு எண்டு சொன்னீங்க." பதினொரு வருசம் தொண்டையில் கிடந்தது, எவ்வளவு லேசாக வெளியே வந்துவிட்டது என்று அவளுக்கே ஆச்சரியம்.

"அத உன்ட காதாலயே கேட்டியா?"

"கேட்ட. நீங்க பொய் சொல்லல்ல. நானும் அஸீமப் பத்திப் பொய் சொல்லல்ல. ரெண்டு பேரும் பாதியில வாய மூடிட்டம், அவ்வளவுதான்."

பாத்தும்மாவின் கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்தார். பிறகு குனிந்து வெள்ளைக் கதிர்களைப் பிடி பிடியாக முறித்து ஒரு கட்டாகச் சேர்த்தார்.

"அவன்ட ஷட்டரில கட்டித் தூக்கினானுகள். இப்ப நான் தூக்கப் போறன். இது ஒரு பக்கம், நல்ல கதிர் ஒரு பக்கம். வாறவன் போறவன் எல்லாம் பார்க்கட்டும். அதில ஒரு பிடி அறுத்துத் தா மகள், உன்ட கையால தா."

மர்ஷூதா நல்ல வரவைக்குள் இறங்கினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரம் பிந்திவிட்டது. அவள் அவசரப்படவில்லை. பாரமான கதிராகப் பார்த்துப் பார்த்து ஒரு பிடி அறுத்து, வைக்கோலால் கட்டி, பாத்தும்மாவின் கையில் கொடுத்தாள்.